மார்கழி ஜெலி

அவருடைய பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. தோட்டத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. தொழிலாளருக்கு அவர் பெரிய கிளாக்கர் ஐயா. வெள்ளைக்காரத் துரைக்கு ஹெட் கிளாக். அவர் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களுக்கு 'என்ன கலந்திருக்கு ஐயா'. இந்த மூன்றாவது பெயர் அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். தெரிந்தும் அவர் கோபப்பட்டதில்லை. தன்னைப் பற்றிய சரியான விவரத்துக்குக் கோபப்படுகிறவர் அல்லர்.

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலையிலிருந்து மேலே ஏறிப்போகும் தேயிலைத் தோட்டம் ஒன்றில், 1951 முதல் அவருக்குக் கீழே இரண்டாம் கிளாக்கராக இருந்தேன். தேதிகளில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கீழே எழுதப்போகும் விவகாரம் 1955 கடைசியில் நடந்தது என்று சொல்லித் திரியும் நண்பர் ஒருவர் இன்னும் இருக்கிறார். அது தவறு. பழைய துரை, 1956 தேர்தல் முடிவை வானொலியில் கேட்ட பிறகுதான் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். புதிய துரையும் அவர் மனைவி துரைசானியும் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். துரைசானி வராமல் விவகாரமே இல்லை. ஆகவே 1956 டிசம்பர். இதற்கு மேல் அந்த நண்பரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

பெரிய கிளாக்கர் சைவம். அந்தத் தோட்டத்தில் வேறு சைவக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் மீனையும் கறியையும் தள்ளிவைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். இவருக்கோ உலகமே ஒரு சந்தேகத்துக்குரிய குழம்பு. எதை நீட்டினாலும், வாங்குவதற்கு முன்பு ஒரு கேள்வி:

"இதுல என்ன கலந்திருக்கு?"

தலவாக்கலை பேக்கரியில் பாண் வாங்கினால், அதன் மேலிருக்கும் மினுமினுப்பு பாலில் வந்ததா முட்டையில் வந்ததா என்று விசாரணை நடக்கும். பேக்கரிக்காரர், இவர் தூரத்தில் வருவதைக் கண்டாலே மினுங்குகிற பாண்களை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். சவர்க்காரத்தில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறது என்று எங்கோ கேள்விப்பட்ட நாள் முதல் அவர் பயற்றமாவு தேய்த்துத்தான் குளித்தார். ரயிலில் யாராவது பிஸ்கட் நீட்டினால், பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை முழுவதும் வாசித்துவிட்டு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுப்பார். அதற்குள் கொடுத்தவர் இறங்க வேண்டிய இடம் வந்திருக்கும்.

ஆனால் அவருடைய சட்டத்தில் சில வசதியான உட்பிரிவுகளும் உண்டு. திருவிழாவில் தப்பும் மேளமும் முழங்கும்போது ஒருமுறை கேட்டேன், "ஐயா, இதெல்லாம் தோல்தானுங்களே?"

"வாய்க்குள்ள போறது வேற, காதுக்குள்ள போறது வேற தம்பி," என்றார்.

அவர் காலில் பளபளப்பான தோல் சப்பாத்து இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். "கால் கீழதானே இருக்கு," என்று தீர்ப்பை முடித்தார்.

ஒன்றை மட்டும் அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். எதில் என்ன கலந்திருக்கிறது என்ற விஷயத்தில் அவர் யாருக்காகவும் பொய் சொன்னதில்லை. ஓர் அமாவாசையன்று அவர் வீட்டு விருந்துக்கு அவருடைய மச்சினர் குடும்பத்தோடு நானும் போயிருந்தேன். இரண்டாவது வடையைக் கடித்தவர் நிமிர்ந்து, "இதுல வெங்காயம் விழுந்திருக்கு. விரதக்காரங்க யாரும் தொடாதீங்க," என்று சபைக்கு அறிவித்தார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி பார்த்த பார்வையில் நாங்கள்தான் தலைகுனிந்தோம். சொந்த வீட்டு வடையையே காட்டிக்கொடுத்த மனிதர்.

இப்படிப்பட்டவரிடம் ஒரே ஒரு பண்டம் மட்டும் எந்தத் தடையுமில்லாமல் உள்ளே போயிற்று. அது ஜெலி.

கிறிஸ்மஸுக்கு முந்திய வாரத்தில் துரை பங்களாவில் உத்தியோகத்தருக்குத் தேநீர் விருந்து நடக்கும். நான் முதன்முதலாகப் போனது 1951இல். கேக்கில் முட்டை, தள்ளுபடி. பேட்டிஸில் இறைச்சி; அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கடைசியில் கண்ணாடிக் கிண்ணங்களில் சிவப்பு ஜெலி வந்தது. பெரிய கிளாக்கர் கிண்ணத்தைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார். வெளிச்சம் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. முகர்ந்து பார்த்தார். பழ வாசனையைத் தவிர வேறொன்றும் இல்லை. பழைய துரைசானியிடம் வழக்கமான கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். அந்த அம்மா, "பழமும் சீனியும்தான், வேறென்ன," என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

"மறுபக்கம் தெரியுது பாருங்க தம்பி," என்றார் என்னிடம். "இதுக்குள்ள எத ஒளிச்சு வைக்க முடியும்?"

மூன்று கிண்ணம் சாப்பிட்டார். போகும்போது துரைசானி, அவருக்கு ஜெலி பிடித்துப்போனதைக் கண்டு, இரண்டு பாக்கட் தூளும் கொடுத்தனுப்பினார். பாக்கட்டின் மேல் ஸ்ட்ராபெரிப் பழத்தின் படம்.

கொழும்பில் ஜெலி உறைய ஐஸ்பெட்டி வேண்டும். எங்களுக்கு ஜன்னல் போதும். தூளைக் கொதிநீரில் கரைத்துத் தட்டில் ஊற்றி மாலையில் ஜன்னலோரம் வைத்தால், எங்கள் மார்கழிக் குளிர் விடிவதற்குள் வேலையை முடித்துவிடும். அவருக்கு இது ஒரு தெய்வ சம்மதமாகப் பட்டது. அந்த மார்கழியிலேயே, தோட்டத்து மாரியம்மன் கோயில் பஜனையில், சுண்டலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு ஜெலி நைவேத்தியமாக வைக்கப்பட்டது. கோயில் கமிட்டித் தலைவர் அவர்தான். சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். தடுக்க யாரும் இல்லை.

"தண்ணி, பழம், குளுரு. மூணுமே ஆண்டவன் குடுத்தது," என்று பஜனைக் கூட்டத்துக்கு விளக்கம் சொன்னார்.

பக்தி பெருகியது. அதுவரை அந்தக் குளிரில் எழுந்து வரும் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். ஜெலி வந்த பிறகு, அடுத்த டிவிஷனிலிருந்தும் போர்வை சுற்றிக்கொண்டு வந்தார்கள். திருவெம்பாவை தெரியாத பையன்கள்கூட வாயை அசைத்துக்கொண்டு நின்றார்கள். கண் மட்டும் தட்டின் மேல். பழைய துரைசானி கொடுத்தது தீர்ந்ததும், நுவரெலியாவில் வெள்ளைக்காரர் சாமான் வாங்கும் கடையிலிருந்து அவரே வாங்கிவர ஆரம்பித்தார். 1953 திருவாதிரையன்று களியைவிட ஜெலிதான் முதலில் தீர்ந்தது. வருடா வருடம் மார்கழி ஜெலி என்பது எங்கள் தோட்டத்தின் ஐதீகமாகவே ஆகிவிட்டது.

இங்கே மாரிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். துரை பங்களாவின் சமையல்காரர்; 'அப்பு' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை துரைக்கு மாட்டிறைச்சி வாட்டிப் போடுவது அவர் வேலை. அவர் அதைத் தின்பதில்லை. ஆனால் பெரிய கிளாக்கரின் சட்டப்படி மாட்டிறைச்சி தொட்ட கை கோயில் வேலிக்குள் வரக்கூடாது. ஆகவே மாரிமுத்துவும் அவர் மனைவி செல்லம்மாவும் மகள் புஷ்பமும் வேலிக்கு வெளியே நின்றுதான் கும்பிட்டார்கள். பஜனை முடிந்ததும் பெரிய கிளாக்கர் வேலிக்கு மேலாகக் கரண்டியை உயர்த்தி, மாரிமுத்துவின் கையிலிருக்கும் இலையில் ஜெலியைத் தொப்பென்று போடுவார். கரண்டி இலையில் படாது. அந்தக் குறி ஒருநாளும் தவறியதில்லை.

1956 ஐப்பசியில் புஷ்பத்துக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம். இதற்கு முன்பு ஒரு வரன் வந்து, கோயில் விஷயம் தெரிந்ததும் திரும்பிப் போயிருந்தது. இந்தத் தடவையும் மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்கள்: தாலி பெண் ஊர்க் கோயிலில் ஏற வேண்டும். மாப்பிள்ளை ஊர்க் கோயிலில் வைத்துக்கொள்ளலாமே என்று தரகர் கேட்டுப் பார்த்தாராம். "சொந்த ஊருக் கோயில்லயே உள்ள விடாத பொண்ண நாங்க எதுக்குக் கட்டணும்?" என்று பதில் வந்தது.

செல்லம்மா கொழுந்துக் கூடையோடு நேரே ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டாள். நான் உள்ளே இருந்தேன்.

"ஐயா, ஒரே ஒரு நாளைக்கு. தாலி ஏறுற நேரம் மட்டும். அதுக்கப்புறம் நாங்க வேலிக்கு வெளியவே நின்னுக்கறோம்."

"ஒன் புருசன் கையில என்ன ஒட்டியிருக்குன்னு ஒனக்கே தெரியும். அந்தக் கையாலதானே தாரை வாத்துக் குடுக்கணும்?"

"கழுவுனாப் போயிருமுங்களே ஐயா."

"தண்ணியில போற சமாச்சாரமா இது?"

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "ரெண்டாவது எடமுங்க இது. இதுவும் போயிருச்சுன்னா, அப்பு மக வேலிக்கு வெளிய நிக்கிறவன்னு எல்லாத் தோட்டத்துக்கும் தெரிஞ்சிரும். பெறகு யாரு வருவா?" என்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அவள் மலைக்குப் போனாள். மாப்பிள்ளை வீட்டார் தை பிறந்ததும் தட்டு மாற்ற வருவதாக இருந்தது. அதுவரை எதையும் சொல்லிவிட வேண்டாம், மனம் மாறலாம் என்று மாரிமுத்து காத்திருந்தார். பெரிய கிளாக்கரின் மனம் மாறுவதற்கு அவர் எந்த ஆதாரத்தை நம்பினார் என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் வந்தது. புதிய துரைசானி, சின்ன வயது. ஸ்கொட்லாந்தில் உணவு சம்பந்தமாக ஏதோ படிப்புப் படித்தவர். பங்களா விருந்தில் வழக்கம்போல் கேக் தள்ளுபடி, பேட்டிஸ் தள்ளுபடி, ஜெலி வந்தது. பெரிய கிளாக்கர் முதல் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டே, மரியாதைக்காக, புதிய அம்மாவிடமும் தன் கேள்வியைக் கேட்டார். ஐந்து வருடம் சாப்பிட்ட பொருள். பதில் தெரிந்த கேள்வி.

அந்தக் கேள்வியை அந்த அம்மாவிடம் இலங்கையில் யாருமே கேட்டதில்லை போலிருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாங்கள் எல்லாரும் கேட்க விளக்கினார். இதற்குப் பெயர் ஜெலட்டின். மாட்டின் தோல், எலும்பு, தசைநார் இவற்றிலிருந்து எடுப்பது. பன்றித் தோலிலிருந்தும் எடுப்பார்கள். எலும்பை அமிலத்தில் ஊறப்போடுவார்கள். தோலை வாரக்கணக்காகச் சுண்ணாம்பு நீரில் போட்டு வைப்பார்கள். பிறகு கழுவி, சுடுநீரில் மெதுவாகக் காய்ச்சினால் பசை இறங்கும். கொழுப்பை நீக்கி, வடிகட்டி, உலர்த்தித் தூளாக்கினால் நிறமும் இல்லை, மணமும் இல்லை. பழமா? பழம் எங்கே இருக்கிறது? அது சாயமும் வாசனையும்தான். நோயாளிகளுக்கு மிகவும் நல்லது.

பெரிய கிளாக்கரின் வாயில் அப்போதும் அந்தக் கரண்டி இருந்தது. துப்பினால் துரைக்கு அவமரியாதை. விழுங்கினால் அம்மனுக்கு. ஜெலி அவரை அந்தத் தர்மசங்கடத்தில் நெடுநேரம் வைக்கவில்லை. வாய்ச்சூட்டிலேயே கரைந்து, தானே இறங்கிப் போய்விட்டது. அதன் குணமே அதுதான் என்று பிறகு வாசித்தேன்.

மறுநாள் ஆபீசில் என் மேசைக்கு வந்து நின்றார். "தம்பி, ஒங்ககிட்ட அந்தக் கலைக்களஞ்சியம் இருக்கே. அந்தம்மா சொன்னது சரியான்னு பாத்துச் சொல்லுங்க."

கண்டியில் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிய சில உதிரித் தொகுதிகளில், 'ஜி' எழுத்துக்குரியதும் இருந்தது அவருடைய விதி. மாலையில் அவர் குவாட்டர்ஸுக்கு எடுத்துப்போய் மொழிபெயர்த்து வாசித்தேன். தயாரிக்கும் முறை துரைசானி சொன்னதுபோலவே இருந்தது. அதோடு நான் புத்தகத்தை மூடியிருக்கலாம். "வேற எதுலெல்லாம் கலந்திருக்குன்னு போட்டிருக்கா?" என்று அவரே கேட்டார்.

போட்டிருந்தது. மருந்து அடைக்கும் கேப்சூலின் கூடு ஜெலட்டின். இரண்டு வருடத்துக்கு முன்பு காய்ச்சலில் கிடந்து அவர் பிழைத்து எழுந்தது அப்படிப்பட்ட கேப்சூல்களால்தான். தீக்குச்சி முனையில் மருந்தை ஒட்டிப் பிடிப்பதும் ஜெலட்டின், அல்லது அதன் முரட்டு உறவான வச்சிரப் பசை. கோயிலில் கர்ப்பூரம் ஏற்றுவது அந்தக் குச்சியால். ஆபீசில் நகலெடுக்கும் தட்டு ஒன்று இருந்தது. ஊதா மையால் எழுதிய தாளை அதன் மேல் அழுத்தி எடுத்தால் எழுத்து தட்டில் பதியும், பிறகு வெற்றுத் தாள்களை வைத்து வைத்து நகல் எடுக்கலாம். அந்தத் தட்டில் தளதளவென்று இருப்பது ஜெலட்டினும் கிளிசரினும். மாரியம்மன் திருவிழா அறிவித்தலை வருடா வருடம் அவர் கையாலேயே அதில்தான் நகலெடுத்தார்.

"போட்டோ," என்று அடுத்ததை வாசித்தேன். "படம் பிடிக்கிற சுருள்லயும், படம் போடுற தாள்லயும் மேல பூசியிருக்கிறது ஜெலட்டின். அதுக்குள்ளதான் வெள்ளி உப்பு மிதக்கும். உருவம் பதியிறது அதுலதான்."

அவர் மெதுவாகச் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாலையும் திருநீறுமாக அவருடைய தகப்பனாரின் படம் மாட்டியிருந்தது. காலையும் மாலையும் அவர் விழுந்து கும்பிடும் படம். தகப்பனார் ஆயுளில் முட்டைகூடத் தொட்டதில்லை என்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

"அப்பாவுமா?" என்றார்.

நான் புத்தகத்தை மூடினேன். இந்தியாவுக்குப் போய்வரத் தோட்டத்தில் நாங்கள் எல்லாரும் எடுத்த பாஸ்போட் படங்கள் என் ஞாபகத்துக்கு வந்தன. எங்கள் முகங்களையெல்லாம் அரசாங்கத்துக்குக் காட்டிக்கொண்டிருந்ததும் மாட்டின் பசைதான். இதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த சில நாட்கள் அவர் பட்ட பாட்டை அவர் வீட்டு அம்மாதான் முழுமையாகச் சொல்ல முடியும். கர்ப்பூரத்துக்கு அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தக் குளிரில் கோயில்வரை நடந்தார்; பாதி வழியில் அணைந்து, மறுபடி திரும்பி வந்தார். நகல் தட்டை நான்தான் தொட வேண்டும் என்று உத்தரவாயிற்று. தகப்பனாரைச் சுவரிலிருந்து இறக்கவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை. படத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்தார். அம்மா அந்தத் துண்டை எடுத்துத் தோய்த்துவிட்டாள்.

தலவாக்கலையில் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடமும் போனார். நானா விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்களுக்கும் அது ஆகாதுங்க ஐயா. மாடுன்னா யார் எப்படி அறுத்தாங்கன்னு பாக்கணும். பன்னின்னா பேச்சே கெடையாது. நோன்பு நேரத்துல எங்க வீட்டுல கடப்பாசிதான் காச்சுவாங்க. கடல்ல வெளையுற பாசி. கொண்டுபோயிக் காச்சிப் பாருங்க."

காய்ச்சிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுத்தார். நறுக்கென்று உடைந்தது, வாயில் கரையவில்லை, மென்றுதான் விழுங்க வேண்டியிருந்தது. அவர் தட்டைப் பிடித்து லேசாகக் குலுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

"சுத்தமாத்தான் இருக்கு," என்றார். "ஆனா ஆடல தம்பி."

அந்தக் குரலில் இருந்த துக்கம் உண்மையானது.

இதற்குள் செய்தி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்து, அங்கிருந்து மலைக்கு ஏறிவிட்டது. விருந்தில் இருந்த கணக்கப்பிள்ளை தன் மனைவியிடம் மட்டும் சொன்னால் போதாதா? கொழுந்து பறிக்கும் பெண்கள், அவர் தூரத்தில் வருவதைப் பார்த்தால் ஒருத்தியிடம் ஒருத்தி, "இதுல என்னடி கலந்திருக்கு?" என்று கேட்டுக்கொண்டார்கள். பஜனைக்கு வந்த பிள்ளைகளோ ஜெலி எங்கே என்று கேட்டார்கள். எலும்பு பற்றி அவர்களுக்குக் கவலையே இல்லை.

பொங்கலுக்கு இரண்டொரு நாள் முன்பு கோயில் வாசலில் கமிட்டி கூடியது. பெரிய கிளாக்கர் தயாரிப்போடு வந்திருந்தார். கலைக்களஞ்சியத்தில் நான் வாசித்ததை ஒரு வேதவாக்கியம்போல் ஒப்புவித்தார்.

"அமிலத்துல ஊறுது. சுண்ணாம்புல ஊறுது. கழுவுறான். கொதிக்க வைக்கிறான். வடிகட்டுறான். இத்தனை சுத்தியும் ஆன பெறகு அது மாடே இல்ல. வேற பொருளாயிருச்சு. ஆகவே கோயிலுக்குத் தீட்டில்ல."

கமிட்டி நிம்மதியாகத் தலையாட்டியது. வேலிக்கு வெளியே நின்றிருந்த செல்லம்மா தொண்டையைச் செருமினாள்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா ஐயா? கழுவுனா எலும்பே சுத்தமாயிருதுன்னா, எங்க வீட்டு ஆளு கையில எலும்புகூட இல்லீங்க. வாசனைதான். அதுவும் சவுக்காரம் போட்டுக் கழுவுறாரு. அன்னிக்கு, தண்ணியில போற சமாச்சாரமான்னு கேட்டீங்களே?"

நான் அவரைப் பார்த்தேன். அவருடைய இரண்டு தீர்ப்புகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. எலும்பு சுத்தமென்றால் கையும் சுத்தம். புஷ்பத்தின் கல்யாணம் சன்னதியில் நடக்க வேண்டும். கை சுத்தமில்லையென்றால் எலும்பும் சுத்தமில்லை. ஐந்து மார்கழியாக அம்மனுக்கு மாட்டைப் படைத்தவர் அவர்.

"யோசிக்கணும்," என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுவே முதல் தடவை.

கூட்டம் கலைந்த பிறகு கணக்கப்பிள்ளை அவரை ஓரமாக அழைத்தார். "எதுக்குங்க ஐயா இவ்வளவு யோசனை? அப்புதான் பங்களாவிலேருந்து மாத்திக் குடுத்துட்டான்னு சொல்லிருவோம். ஒங்களுக்குத் தெரியாமப் படைச்சாச்சு. அவன ஒதுக்கி வச்சாச்சுன்னா விசயம் முடிஞ்சுபோச்சு."

"பாக்கட்டு நான் வாங்கினதுப்பா."

"யாரு பாத்தா? நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வாயத் தொறக்காம இருங்க, போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பெரிய கிளாக்கர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளை அதை ஆம் என்று எடுத்துக்கொண்டார். உள்ளதைச் சொன்னால் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

தை பிறந்து, மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாரிமுத்துவின் ஒற்றை அறை லயக் காம்பிராவில் இடம் போதாததால் பள்ளிக்கூடக் கொட்டிலில் பாய் விரித்திருந்தது. தோட்டத்துப் பெரியவர் என்ற முறையில் பெரிய கிளாக்கருக்கு நாற்காலி. தாம்பாளங்களில் வெற்றிலை, பழம், சேலை. கதவோரத்தில் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் புஷ்பம். மாப்பிள்ளையின் தகப்பனார் நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டு வேலையில் பாறைக்கு வெடிவைத்த ஆள். வெடிச் சத்தம் அவர் காதில் பாதியைக் கொண்டுபோயிருந்தது. பேசுவதும் சத்தமாகத்தான்.

தட்டைக் கையில் எடுக்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஹட்டன் பஸ்ல ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. இந்தத் தோட்டத்துக் கோயில்ல மாட்டெலும்பு படைச்சாங்களாமே? பொண்ணோட தகப்பனோ பங்களா அப்பு. ரெண்டையும் சேத்துப் பாத்தா எனக்குச் சரியாப் படல. பெரியவங்க இருக்கீங்க. சொல்லுங்க."

கணக்கப்பிள்ளை உடனே எழுந்தார். "அதாவது சம்பந்தி, நடந்தது என்னன்னா, பங்களா சாமான் அப்பு கையாலதானே..."

மாரிமுத்து நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கொட்டிலில் அவர் பேச்சு எடுபடாது என்று அவருக்குத் தெரியும். கதவோரத்தில் செல்லம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய கிளாக்கர் தொண்டைக்குள் ஏதோ சொன்னார்.

"என்னங்க ஐயா? சத்தமாச் சொல்லுங்க. வெடி வச்சு வச்சுக் காது போச்சு."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஜெலி நான் கிண்டினது."

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

"ஜெலி நான் கிண்டினது!" என்று கத்தினார். அந்த மனிதர் கத்தி நாங்கள் யாரும் கேட்டதில்லை. வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நின்றார்கள். "பாக்கட்டு நான் வாங்கினது! அஞ்சு மார்கழி, அம்மனுக்குப் படைச்சதும் நான்! அப்பு அதத் தொட்டதே இல்ல! வேலிக்கு வெளிய நின்னு எலையில வாங்கித் தின்னாரு, அவ்வளவுதான்! சுத்தம் பாத்து யாரையாவது வெளிய நிறுத்தணும்னா மொதல்ல என்ன நிறுத்துங்க!"

மூச்சு வாங்கியது. இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துத் தாம்பாளத்தில், வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கல்யாணம் சன்னதியிலதான் நடக்கும்!" என்று அதையும் கத்தியே சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கணக்கப்பிள்ளை நின்றபடியே இருந்தார். உட்காருவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் சாவியைப் பார்த்தார், பெரிய கிளாக்கரைப் பார்த்தார்.

"அம்மனுக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"இல்ல!"

"தின்ன புள்ளைங்களுக்கு?"

"இல்ல!"

"இன்னொண்ணு கேக்கறேன் ஐயா, தப்பா நெனைச்சுக்காதீங்க." கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "அது எப்படித்தான் இருந்துச்சு?"

பெரிய கிளாக்கர் நெற்றியைத் துடைத்தார். எதில் என்ன இருந்தது என்று கேட்டால் அவருக்குப் பொய் வராது. எப்படி இருந்தது என்று கேட்டாலும் வரவில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சு!" என்று கத்தினார்.

முதலில் சிரித்தது கதவோரத்தில் புஷ்பம். பிறகு பெண்கள் எல்லாரும். மாப்பிள்ளையின் தகப்பனாரும் சிரித்துக்கொண்டே சேலைத் தாம்பாளத்தைத் தூக்கி மாரிமுத்துவுக்கு நேரே நீட்டினார். மாரிமுத்து எழுந்து வந்தவர், வாங்கப் போகும்போது கையை இழுத்து வேட்டியில் துடைத்தார். ஒருமுறை துடைத்து, போதாதென்று இன்னொருமுறையும் துடைத்தார்.

"கையத் தொடச்சது போதும் சம்பந்தி," என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். "தட்டு கனக்குது. புடிங்க."